காத்திருப்பின் கணக்கு

கணினி வலையமைப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1969ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் இரவிலிருந்து தொடங்குவர். லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சார்லி க்ளைன் என்னும் மாணவர், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்டான்போர்டு ஆய்வு நிறுவனத்தில் இருந்த கணினிக்குள் நுழைவதற்காக ‘லாகின்’ என்று தட்டச்சிட முனைந்தார். ‘எல்’, ‘ஓ’ ஆகிய இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. அதற்குள் மறுமுனைக் கணினி செயலிழந்தது. நம் வாசகர்கள் பலரும் இக்கதையைப் படித்திருப்பர்.

இரண்டு எழுத்துகள் சேர்ந்ததோடு அப்பணி முடிந்துவிடவில்லை. ஒரே கம்பியை ஆயிரம் பேர் ஒரே வேளையில் பயன்படுத்தினால் எவருடைய எழுத்து எப்போது சேரும்? சேர்ந்தாலும், பயன்படும் வேளையில் சேருமா? வலையமைப்பு வாழுமா வீழுமா என்பதை இவ்வினாவே தீர்மானிக்க இருந்தது. இதற்கான விடையைத் தேடிய வரலாறு அரை நூற்றாண்டுக்கு முன்பே வேறொரு நாட்டில் தொடங்கியிருந்தது. 1986ஆம் ஆண்டில் அவ்விடை ஏறத்தாழப் பொய்த்தும் போயிற்று. அந்த வரலாற்றையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

அதற்கு முன் இரண்டு சொற்களை வரையறுத்துக்கொள்வோம். ஒரு செய்தி புறப்பட்ட கணத்திலிருந்து முழுமையாகச் சேரும் கணம் வரை கழியும் நேரம் தாமதம். ஒரு நொடியில் மெய்யாகவே போய்ச் சேரும் செய்தியின் அளவைப் பொறியாளர் ‘த்ரூபுட்’ என்பர். நாம் அதனைச் ‘சேரளவு’ என்று குறிப்போம். கம்பி ஒரு நொடியில் எவ்வளவு சுமக்க வல்லது என்பது கொள்ளளவு. கொள்ளளவும் சேரளவும் ஒன்றென்று எண்ணுவது எளிது. அவை வேறு வேறு என்று உணர்வதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் ஆயின.

கோபன்ஹேகனில் தொடங்கிய கணக்கு

டென்மார்க்கைச் சேர்ந்த கணித அறிஞர் அக்னர் க்ரருப் எர்லாங் 1908ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியேற்றார். ஓர் இணைப்பகத்துக்கு எத்தனை கம்பிகள் வேண்டும் என்பதே அவர்முன் இருந்த சிக்கல். கம்பிகள் மிகுந்தால் பணம் வீண். குறைந்தால் அழைப்போர் காத்திருக்க வேண்டும், அல்லது திருப்பி அனுப்பப்பட வேண்டும். தொலைபேசி அழைப்புகள் முன்பின் தொடர்பின்றித் தற்செயலாக வருகின்றன என்றும், அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவல் என்னும் கணித ஒழுங்குக்கு உட்படுகிறது என்றும் 1909இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் காட்டினார். எத்தனை அழைப்புகள் இடமின்றித் திரும்பும், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்பவற்றுக்கான வாய்பாடுகளை 1917இல் தந்தார். தொலைபேசிப் போக்குவரத்தின் அலகுக்கு 1946இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

எர்லாங்கின் கணக்கில் பொதிந்துள்ள உண்மை எளியது. ஆனால் முதற்பார்வையில் நம்புதற்கரியது. நொடிக்கு ஐம்பது பேருக்குப் பணிசெய்ய வல்ல ஓரிடத்துக்குச் சராசரியாக நாற்பது பேர் வருகின்றனர் என்று கொள்வோம். பணித்திறன் மிகுதியாக இருப்பதால் எவரும் காத்திருக்க வேண்டியதில்லை என்றே தோன்றும். எல்லாரும் சம இடைவெளியில் வந்தால் அது மெய்தான். மனிதர் அவ்வாறு வருவதில்லை. ஒரு கணம் எவரும் இலர். மறு கணம் பதின்மர் சேர்ந்து நிற்பர். வெறுமனே கழிந்த கணத்தைச் சேமித்து வைத்துக் கூட்டம் வந்த கணத்தில் செலவிட இயலாது. ஆகவே வரிசை உண்டாகிறது. இடம் போதுமானதாக இருந்தும் காத்திருப்பு நேர்வதன் காரணம் இதுவே.

வெட்டியவர் இருவர்

தொலைபேசியில் இருவர் பேசும்போது அவர்களுக்கென ஒரு வழி முழுதும் ஒதுக்கப்படுகிறது. அவர்கள் மௌனமாக இருந்தாலும் அவ்வழி அவர்களுடையதே. கணினிகளின் உரையாடலில் மௌனம் மிகுதி. நெடுநேரம் அமைதி, திடீரென ஒரு பாய்ச்சல், மீண்டும் அமைதி. இவற்றுக்குத் தனிவழி ஒதுக்குவது பெரும் வீண் என்பதை 1960களில் இருவர் தனித்தனியே உணர்ந்தனர்.

ஒருவர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் அழியாத செய்தித்தொடர்பு வேண்டும் என்பது அவர் நோக்கம். செய்தியை 1024 பிட் கொண்ட துண்டுகளாக்கி, கிடைத்த வழியில் எல்லாம் அனுப்பும் முறையை 1964இல் வெளியான விரிவான அறிக்கைத் தொகுதியில் விளக்கினார். மற்றவர் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த டொனால்டு டேவிஸ். பலர் ஒரே கணினியுடன் ஒரே வேளையில் உரையாட வேண்டும் என்பது அவர் நோக்கம். பாரனின் பணியை அறியாமலேயே 1965இல் அதே முடிவுக்கு வந்தார். துண்டுக்குப் ‘பாக்கெட்’ என்று பெயரிட்டவரும் அவரே. பிற மொழிகளிலும் எளிதில் பெயர்க்கத்தக்க சொல்லாக இருக்க வேண்டும் என்று கருதி அச்சொல்லைத் தேர்ந்தார். நம் மொழிக்கு அது பொருந்தவே செய்கிறது. பொதி என்னும் சொல் நம்மிடம் முன்பே உண்டு.

வெட்டுவதால் என்ன பயன்? கணக்கிட்டுப் பார்ப்போம். 8000 பிட் கொண்ட ஒரு செய்தி மூன்று கம்பிகளைக் கடந்து செல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பியும் நொடிக்கு 50,000 பிட் சுமக்கும். செய்தியை முழுதாக வாங்கி, முழுதாக வைத்துக்கொண்டு, பின்னர் அடுத்த கம்பியில் ஏற்றுவதானால் ஒவ்வொரு கம்பிக்கும் 160 மில்லிநொடி. மொத்தம் 480 மில்லிநொடி. அதே செய்தியை ஆயிரம் பிட் கொண்ட எட்டுப் பொதிகளாக்கினால் முதற்பொதி மூன்று கம்பிகளையும் 60 மில்லிநொடியில் கடக்கும். எஞ்சிய ஏழும் அதன் பின்னே 20 மில்லிநொடிக்கு ஒன்றாக வந்து சேரும். மொத்தம் 200 மில்லிநொடி. முதற்பொதி மூன்றாம் கம்பியில் செல்கையில் இரண்டாம் பொதி இரண்டாம் கம்பியிலும் மூன்றாம் பொதி முதற்கம்பியிலும் செல்கின்றன. எந்தக் கம்பியும் சும்மா இருப்பதில்லை. பொதிதோறும் எழுத வேண்டிய முகவரியின் சுமையை இங்கு நாம் கணக்கில் கொள்ளவில்லை. அதனைச் சேர்த்தாலும் ஆதாயம் பெரிதே.

கணக்கிட்டவர் ஒருவர்

மேற்கண்டது வெற்றுக் கம்பியின் கணக்கு. பிறருடைய பொதிகளும் அதே கம்பிக்குக் காத்திருக்கும்போது என்ன ஆகும் என்பதே கடினமான பகுதி. இதனை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு மாணவர் லெனார்டு க்ளைன்ராக் தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். 1961 மே மாதத்தில் முன்மொழிவும், 1962 இறுதியில் ஆய்வேடும், 1964இல் நூலும் வெளிவந்தன.

ஒரு வரிசையின் கணக்கு எர்லாங் காலத்திலிருந்தே அறியப்பட்டது. ஒரு வரிசையிலிருந்து வெளியேறுவோர் அடுத்த வரிசைக்குச் சென்று நிற்கும் வலையமைப்பின் கணக்குதான் சிக்கலானது. நீளமான செய்தி ஒவ்வொரு கம்பியிலும் நீளமாகவே இருக்கும். அது ஓரிடத்தில் உண்டாக்கிய இடைவெளி அடுத்த இடத்தையும் பாதிக்கும். இந்தத் தொடர்பைக் கணிதத்தில் அடக்க இயலவில்லை. ஆகவே க்ளைன்ராக் துணிவான ஒரு கொள்கோள் செய்தார்: ஒவ்வோர் இடத்திலும் செய்தியின் நீளம் புதிதாகத் தற்செயலாக அமைவதாக வைத்துக்கொள்வோம். இது மெய்யன்று என்பது அவருக்கே தெரியும். ஆயினும் பல வழிகள் கலந்து செல்லும் வலையமைப்பைக் கணினியில் போலச் செய்து பார்த்தபோது விடைகள் மெய்க்கு நெருக்கமாகவே இருந்தன.

விளைந்த வாய்பாடு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. ஒரு கம்பி நொடிக்கு எத்தனை பொதிகளை அனுப்ப வல்லதோ அதிலிருந்து, நொடிக்கு எத்தனை பொதிகள் வருகின்றனவோ அதனைக் கழிக்க வேண்டும். மீதியால் ஒன்றை வகுத்தால் கிடைப்பது ஒரு பொதி அங்கே கழிக்கும் சராசரி நேரம். நம் கம்பி நொடிக்கு ஐம்பது பொதிகள் அனுப்பும். இருபத்தைந்து வந்தால் தாமதம் 40 மில்லிநொடி. நாற்பது வந்தால் 100. நாற்பத்தைந்து வந்தால் 200. நாற்பத்தொன்பது வந்தால் ஒரு முழு நொடி. ஐம்பது வந்தால் வரிசைக்கு முடிவே இல்லை. இருபத்தைந்திலிருந்து நாற்பதுக்கு ஏறியபோது தாமதம் இரண்டரை மடங்கானது. நாற்பதிலிருந்து நாற்பத்தொன்பதுக்கு ஏறியபோது பத்து மடங்கானது. கடைசித் துளி இடத்தையும் நிரப்ப முயல்வோர் கொடுக்கும் விலை இது.

தொலைவால் நேரும் தாமதத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐந்நூறு கிலோமீட்டரை மின்குறி கடக்க ஏறத்தாழ மூன்று மில்லிநொடி போதும். ஆயிரம் பிட்டைக் கம்பியில் ஏற்ற இருபது மில்லிநொடி வேண்டும். காத்திருப்பதற்கோ எல்லையில்லை. வானிலுள்ள நிலைத்த செயற்கைக்கோள் வழியே சென்றாலும் ஏறி இறங்கக் கால் நொடிதான். நெரிசலுற்ற வரிசை அதனினும் நெடிது.

இங்கே ஒரு பூசலையும் குறிப்பிட வேண்டும். பொதிமுறையைக் கண்டவர் க்ளைன்ராக் என்று பிற்காலத்தில் கூறப்பட்டபோது டேவிஸ் அதனை ஏற்கவில்லை. அந்த ஆய்வேடு முழுச் செய்திகளின் வரிசையைப் பற்றியதே அன்றிப் பொதிகளாக வெட்டுவதைப் பற்றியதன்று என்று அவர் எழுதிய கட்டுரை, 2000இல் அவர் மறைந்த பின் 2001இல் வெளியாயிற்று. நம் நோக்கில் இருவருக்கும் உரியதை அளிப்பதில் இடர்ப்பாடு ஏதுமில்லை. வெட்டியவர்கள் பாரனும் டேவிஸும். வரிசைகளின் வலையைக் கணக்கிட்டவர் க்ளைன்ராக். ஒன்றின்றி மற்றொன்று முழுமை பெற்றிராது.

அளந்தும் உடைத்தும் பார்த்தல்

அமெரிக்க அரசின் ஆர்ப்பாநெட் திட்டத்தில் முதலில் நொடிக்கு 2400 பிட் சுமக்கும் கம்பிகளே எண்ணப்பட்டிருந்தன. 1967 அக்டோபரில் நிகழ்ந்த கருத்தரங்கில் டேவிஸ் குழுவினரின் ஆய்வை அறிந்த பின்னர் திட்டம் மாறி, கம்பிகள் 50,000 பிட் கொண்டவையாயின. பழைய வேகத்தில் ஆயிரம் பிட் பொதி ஒரு கம்பியைக் கடக்கவே நாற்பது விழுக்காட்டு நொடிக்கு மேல் ஆகியிருக்கும். மூன்று கம்பிகளுக்கு ஒன்றேகால் நொடி. தட்டச்சிட்டவர் ஒவ்வோர் எழுத்துக்கும் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

க்ளைன்ராக் அப்போது லாஸ் ஏஞ்சலஸில் பேராசிரியர். வலையமைப்பின் அளவீட்டு மையம் அவர் பொறுப்பில் அமைந்தது. தாளில் எழுதிய வாய்பாட்டை மெய்யான கம்பியில் சோதிக்கும் வாய்ப்பு ஆய்வாளர் எல்லார்க்கும் கிட்டுவதன்று. 1970இல் பாப் கான் அங்கு வந்து, மாணவர் வின்ட் செர்ஃப் முதலியோரின் துணையுடன் வலையமைப்பை வேண்டுமென்றே நெருக்கிப் பார்த்தார். அது உடைந்தது. நீண்ட செய்தியின் பொதிகள் எல்லாம் வந்த பிறகே சேருமிடத்துப் பொறி அவற்றை ஒன்றுகூட்டும். பல செய்திகளின் அரைகுறைத் துண்டுகள் நினைவகம் முழுவதையும் அடைத்துக்கொண்டால், எஞ்சிய துண்டுகள் நுழைய இடமில்லை. அவை நுழையாமல் இடம் விடுபடவும் வழியில்லை. எவரும் அசையாமல் நின்றனர். இடம் உண்டா என்று முன்னரே கேட்டு உறுதி செய்துகொண்ட பின்பே நீண்ட செய்தியை அனுப்புவது என்னும் முறை இதனால் வந்தது.

வழி தேர்வதிலும் ஒரு படிப்பினை கிடைத்தது. 1979இல் ஒவ்வொரு கம்பியின் மெய்யான தாமதத்தையும் பத்து நொடிக்கு ஒருமுறை சராசரி கண்டு, தாமதம் குறைந்த வழியே பொதிகளை அனுப்பும் முறை வந்தது. போக்குவரத்து மிகுந்தபோது அம்முறை ஊசலாடத் தொடங்கிற்று. காலியான வழி என்று அறிவித்ததும் அனைவரும் அங்குத் திரும்புவர், அது நிறையும், விட்டு வந்த வழி காலியாகும், மீண்டும் அனைவரும் அங்கே திரும்புவர். 1987இல், ஒரு கம்பி தன் தாமதத்தைப் படிப்படியாக மட்டுமே மாற்றி அறிவிக்குமாறு திருத்தினர். அளவீடு என்பது அளக்கப்படுவதையே மாற்றிவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நானூறு கஜ தூரம்

1983 முதல் ஆர்ப்பாநெட்டில் டிசிபி என்னும் நெறிமுறை நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த பொதிக்கு ஒப்புதல் வரும்; குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் பொதி தொலைந்தது என்று கருதி மீண்டும் அனுப்பப்படும். ஒப்புதல் வருவதற்கு முன் எத்தனை பொதிகளை அனுப்பி வைக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பைப் போய்வரும் நேரத்தால் வகுத்தால் சேரளவு கிடைக்கும். ஆயிரம் பிட் பொதிகள் எட்டும், போய்வர 200 மில்லிநொடியும் எனில் நொடிக்கு 40,000 பிட். போய்வரும் நேரம் ஒரு நொடியானால் அதே எட்டுப் பொதிகள் 8000 பிட்டையே தரும். தாமதமும் சேரளவும் ஒன்றையொன்று பற்றி நிற்பது இவ்வாறு.

இம்முறையில் பதுங்கியிருந்த இடரை ஜான் நேகல் 1984இல் எழுத்தில் எச்சரித்தார். வரிசை நீள்கிறது. ஒப்புதல் தாமதமாகிறது. அனுப்பியவர் பொதி தொலைந்தது என்று எண்ணி மறுபடி அனுப்புகிறார். முதற்பொதி தொலையவில்லை, வரிசையில்தான் நிற்கிறது. இப்போது ஒன்றுக்கு இரண்டாக நிற்கின்றன. வரிசை மேலும் நீள்கிறது. எல்லாரும் மேலும் அனுப்புகின்றனர்.

1986 அக்டோபரில் அது நிகழ்ந்தது. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே நானூறு கஜ தூரம். அவற்றுக்கிடையே நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த சேரளவு 40 பிட்டாக வீழ்ந்தது; எண்ணூறில் ஒரு பங்கு. 16,000 பிட் கொண்ட ஒரு பக்கம் அரை நொடியில் சேர்ந்துகொண்டிருந்தது. இப்போது ஆறு நிமிடம் நாற்பது நொடி வேண்டும். கையில் தாளை எடுத்துக்கொண்டு நடந்து சென்றாலே முன்னதாகச் சேர்ந்துவிடலாம். கம்பி அறுந்துவிடவில்லை, முழுவதும் நிறைந்திருந்தது, ஆனால் படிகளால் நிறைந்திருந்தது. கொள்ளளவு வேறு, சேரளவு வேறு என்று நாம் தொடக்கத்தில் கூறியதன் பொருள் இதுவே.

எர்லாங்கும் க்ளைன்ராக்கும் தவறிழைக்கவில்லை. அவர்களது கணக்கில் வருவோர் வந்துகொண்டே இருப்பர்; வரிசையின் நீளம் கண்டு தம் நடத்தையை மாற்றிக்கொள்ளார். இங்கோ காத்திருப்போர் ஒவ்வொருவரும் பொறுமையிழந்து தம்மையே இருமடங்காக்கிக் கொண்டனர். அத்தகைய கூட்டத்தைப் பழைய வாய்பாடு கருதவே இல்லை.

வீழ்ச்சியை நேரில் கண்ட வான் ஜேக்கப்சன், மைக் கேரல்ஸுடன் சேர்ந்து மாற்று வழியை வகுத்து 1988இல் கட்டுரையாக வெளியிட்டார். ஒரு பொதி வலையமைப்பை விட்டு வெளியேறினாலன்றி மற்றொன்றை உள்ளே விடலாகாது என்பது அதன் அடிப்படை. தொடங்கும்போது ஒரே பொதியுடன் தொடங்கு. ஒப்புதல்கள் வரவர மிகுத்துக்கொள். பொதி தொலைந்தால் நெரிசல் என்று கொண்டு சுருங்கு. நடுவே எந்த அதிகாரியும் இல்லை, காவலரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் தானே அடங்கி நடக்க வேண்டும். வலையமைப்பு அதன்பின் நிலைபெற்றது இத்தகைய தன்னடக்கத்தால்தான்.

பாதி நிறைவே நிறைவு

எவ்வளவு நிரப்புவது நல்லது என்னும் வினாவுக்கு க்ளைன்ராக் 1979இல் ஒரு விடை தந்தார். சேரளவைத் தாமதத்தால் வகுத்துக் கிடைப்பதை அவர் ஆற்றல் என்றார். நம் ஐம்பது பொதிக் கம்பியில் அது உச்சமடைவது இருபத்தைந்தில், அதாவது சரிபாதியில். அந்நிலையில் சராசரியாக ஒரே ஒரு பொதி மட்டும் அங்கே இருக்கும். சென்றுகொண்டிருக்கும் ஒன்று; அதன் பின்னே நெரிசல் இல்லை. இந்நிலையைக் கணினிகள் தனித்தனியே முயன்று கண்டடைய இயலாது என்று 1981இல் ஜெஃப்ரி ஜாஃபே நிறுவினார்.

எர்லாங்கின் பாய்சான் ஒழுங்கும் பின்னர்க் கேள்விக்கு உள்ளானது. பெல்கோர் ஆய்வகத்தில் திரட்டிய அளவீடுகளைக் கொண்டு லீலண்ட் முதலிய நால்வர் 1993இல் வெளியிட்ட ஆய்வு, கணினிப் போக்குவரத்தின் கூட்டங்கள் நெடுநேரச் சராசரியிலும் சமன்படுவதில்லை என்று காட்டியது. நொடிக்கணக்கில் பார்த்தாலும் மணிக்கணக்கில் பார்த்தாலும் அதே ஏற்ற இறக்கம். பழைய வாய்பாடு சொல்வதைவிட வரிசைகள் நீளும் என்பது இதன் பொருள்.

நினைவகம் மலிந்தபோது வேறொரு மயக்கமும் சூழ்ந்தது. இடத்தைப் பெருக்கினால் பொதி தொலையாது அல்லவா? எல்லையற்ற நினைவகம் இருந்தாலும் நெரிசல் தீராது, பொதிகள் உரிய காலம் கடந்து பயனற்றே வெளிவரும் என்று நேகல் 1985லேயே எழுதியிருந்தார். கால் நூற்றாண்டு கழித்து ஜிம் கெட்டிஸ் அதையே வீட்டு இணைப்புகளில் கண்டார். ஒருவர் பெரிய கோப்பொன்றை ஏற்றும்போது அதே வீட்டில் மற்றவரது இணையப் பேச்சு திக்கித் தடுமாறுவது, இடைப்பெட்டியின் மிகை நினைவகத்தில் நீண்ட வரிசை நிற்பதால். 2016இல் ஜேக்கப்சன் உள்ளிட்ட கூகுள் குழுவினர், இடுக்கமான கம்பியின் வேகத்தையும் வரிசையற்ற போய்வரும் நேரத்தையும் தொடர்ந்து அளந்து, க்ளைன்ராக் சுட்டிய நிலையை நெருங்கும் முறையொன்றை வெளியிட்டனர். 1979இன் கருத்து நடைமுறையாக முப்பத்தேழு ஆண்டுகள் ஆயின.

இணைய இணைப்பை விற்போர் பெரிய எழுத்தில் அச்சிடுவது கொள்ளளவை மட்டுமே. வரிசை நீண்டால் நாம் எவ்வளவு காத்திருப்போம் என்பது அந்த எண்ணில் இல்லை. அடுத்த முறை வேகத்தை அளக்கும் வாசகர்கள், கோப்பு ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் தாமதத்தையும் அளந்து பார்க்க வேண்டுகிறோம். எர்லாங் எழுப்பிய வினா அந்த இரண்டாம் எண்ணில்தான் இன்னும் நிற்கிறது.